வரி, விலங்கு, நம்பிக்கை: சானடோரியம் டீக்கடையில் ஏன் இந்தச் சண்டை?

காலை ஏழரை மணிக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வேகமாக நடப்பார்கள். லேப்டாப் பை மாட்டிய ஐ.டி. ஊழியர்களும் இருப்பார்கள், டிபன் பையோடு ஓடும் கார்மென்ட் கம்பெனிப் பெண்களும் இருப்பார்கள். இரண்டு தரப்பும் போய்ச் சேருவது ஒரே வளாகம்தான்: ஏற்றுமதிக்காகவே 1984-ல் தொடங்கப்பட்ட மெப்ஸ்.

போன வாரம் அங்கே ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். பெஞ்சில் மூன்று பேருக்குள் வாக்குவாதம்.

"அமெரிக்காகாரன் என்ன மிரட்டினாலும் நாம குனியல சார். அதுவே பெரிய விஷயம்" என்றார் ஒருவர்.

"குனியலன்னா சந்தோஷம்தாண்ணே. என் வீட்டுக்காரிக்கு ரெண்டு மாசமா ஓ.டி. இல்ல. அதை யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றார் அடுத்தவர்.

மூன்றாவது ஆள் இளைஞர், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ட்ரம்ப் அவர் நாட்டைப் பாத்துக்கறார். திருட்டுத்தனமா உள்ள போனவனைத் திருப்பி அனுப்பினா அதுல என்ன தப்பு?"

டீ ஆறிப்போனது. சண்டை ஆறவில்லை. மூன்று பேரும் மூன்று கட்சி மாதிரித் தெரிந்தாலும், மூன்று பேரின் பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றியது. எங்கோ ஒரு அரசு முடிவெடுக்கிறது. அந்த முடிவில் என்னை யாராவது கணக்கில் எடுத்தார்களா?

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், நடந்தது என்ன?

2025 ஏப்ரல் 2-ம் தேதி அமெரிக்க அதிபர் ட்ரம்ப் உலக நாடுகளுக்கு 'பதிலடி வரி' அறிவித்தார். இந்தியாவுக்கு 26 சதவீதம். சில நாட்களிலேயே அது 90 நாள் நிறுத்திவைக்கப்பட்டு, எல்லோருக்கும் பொதுவாக 10 சதவீதம் மட்டும் நின்றது. பிறகு ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. மொத்தம் 50.

ஐந்து மாதத்துக்குள் 26, 10, 25, 50 என்று எண் மாறிக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் முன்கூட்டியே ஆர்டர் பிடித்து, துணி வாங்கி, ஆள் வைத்துத் தைக்கும் ஒரு யூனிட்டின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வரியின் அளவு ஒரு அடி என்றால், அது எப்போது மாறும் என்று தெரியாதது இன்னொரு அடி.

வரியைக் கட்டுவது யார்?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். வரியை நேரடியாகக் கட்டுவது அமெரிக்காவில் சரக்கை இறக்குமதி செய்பவர். தாம்பரத்தில் இருப்பவர் அல்ல. அப்படியென்றால் நமக்கு ஏன் வலிக்கிறது?

ஒரு பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி விலை 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு, அதாவது 1.65 டாலர். வியட்நாம், வங்கதேசம் தைத்தாலும் அதே வரிதான். போட்டி சமமாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 27-க்குப் பிறகு நம் சட்டைக்குக் கூடுதலாக 5 டாலர் ஆனது; மொத்த வரி 6.65. வியட்நாம், வங்கதேசம், இலங்கை மூன்றுக்கும் அப்போது கூடுதல் வரி 20 சதவீதம்தான், மொத்தம் 3.65. ஒரே சட்டையில் 3 டாலர் வித்தியாசம்.

அமெரிக்க பையர் என்ன செய்வார்? "விலையைக் குறை, இல்லைன்னா அடுத்த சீசனுக்கு வேற நாட்டுக்குப் போறேன்" என்பார். பல யூனிட்டுகளுக்கு அவர் கேட்கும் தள்ளுபடி அளவுக்கு லாபமே கிடையாது. ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம். அப்புறம் கான்ட்ராக்ட் ஆட்கள். அதற்கும் பிறகுதான் நிரந்தர வேலை. அதனால்தான் "வேலை போயிடுச்சு" என்று பெரிய தலைப்பு வருவதற்கு வெகு முன்னாலேயே, ஒரு வீட்டில் வாடகைப் பணம் குறைந்துவிடுகிறது.

கொழும்புக்கு அருகில் கட்டுநாயக்காவில் 1978 முதல் இயங்கும் சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு பெண் தைக்கும் சட்டைக்கும், மெப்ஸில் ஒரு பெண் தைக்கும் சட்டைக்கும் தையலில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இரண்டு தலைநகரங்கள் நடத்திய பேச்சுவார்த்தையில். ஏப்ரலில் இலங்கைக்கு அறிவித்த வரி 44 சதவீதம், நம்மைவிட அதிகம். பேசிப் பேசி அதை 20-க்குக் கொண்டுவந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே அடியா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் படம் பாதிதான்.

ஸ்மார்ட்போன்களுக்கும் மருந்துகளுக்கும் இந்தக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு இருந்தது. ஆக, கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிளி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த 50 சதவீதம் நேரடியாகப் படவில்லை. அதே மேன்ஷனில், அதே ஹாஸ்டலில் தங்கி மெப்ஸில் சட்டை தைக்கும் தோழிக்குப் பட்டது. பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தோடு பிணைந்த தோல் தொழிலுக்கும் பட்டது. ஜி.ஏ. சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனியால்தானே நம் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது! ஏற்றுமதி இந்தப் பகுதிக்கு நேற்று முளைத்த விஷயம் கிடையாது.

ஆகஸ்ட் 16-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குப் போவது 20 சதவீதம்; தமிழ்நாட்டின் 5,210 கோடி டாலர் ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குப் போவது 31 சதவீதம். ஆகவே நமக்கு அடி அதிகம் என்பது வாதம். அடிப்படையில் சரியான வாதம்தான். ஆனால் அந்த 31-க்குள் விலக்குப் பெற்ற போன்களும் அடக்கம் என்பதை மேடைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. எண்ணைப் பார்த்ததும் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். நமக்குப் பிடித்த கட்சி சொன்ன எண்ணாக இருந்தால், இன்னும் ஒருமுறை கூடுதலாகக் கேட்க வேண்டும்.

டெல்லி என்ன சொன்னது, என்ன செய்தது?

ஆகஸ்ட் 7-ம் தேதி டெல்லியில் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர் மோடி பேசினார். விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், மீனவர்கள் நலனில் சமரசம் கிடையாது என்றும், அதற்குத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்க நேர்ந்தாலும் தயார் என்றும் சொன்னார்.

அந்த நிலைப்பாட்டைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கப் பால் பொருட்களுக்கும் மக்காச்சோளத்துக்கும் கதவைத் திறந்துவிட்டால், இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் தாங்காது. டீக்கடையில் "குனியல சார்" என்ற மனிதர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த விலையை உண்மையில் கொடுத்தது யார்? விவசாயிக்காக நாடு ஒரு நிலை எடுத்தால், அதன் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அது தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சம்பளத்தில் மட்டும் பிடிக்கப்படக் கூடாது.

உதவி வரவே இல்லை என்று சொல்ல முடியாது. பருத்தி இறக்குமதிக்கான 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் நீக்கி, பிறகு அந்தச் சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். நவம்பர் 12-ம் தேதி மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டத்தையும், ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி வரை கடன் உத்தரவாதத்தையும் அறிவித்தது. இரண்டு நாளில் ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு அவகாசம் கொடுத்தது.

நல்லது. ஆனால் 50 சதவீதம் அமலுக்கு வந்தது ஆகஸ்ட் 27. பெரிய நிவாரணம் வந்தது நவம்பர் 12. இடையில் 77 நாட்கள், நடுவில் தீபாவளி. இன்னொன்று, இவையெல்லாம் முதலாளியின் கடனுக்கும் கச்சாப் பொருளுக்கும் உதவுபவை. குறைந்த ஓவர்டைமுக்கும், "அடுத்த மாசம் கூப்பிடறோம்" என்று அனுப்பப்பட்ட கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் நேராகப் போய்ச் சேரும் ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. வேலை இழந்தவருக்குச் சில மாதம் சராசரிக் கூலியில் பாதி தரும் திட்டம் ஒன்று இ.எஸ்.ஐ.யில் 2018 முதல் இருக்கிறது. ஆனால் பெயர் ரோலில் இருந்து, வேலை மட்டும் பாதியானவருக்கு அது பொருந்தாது. அதற்குத் தகுதியான பலருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தொழிலாளர் துறை கையில் வைத்திருக்கும் மாநில அரசு, கடிதம் எழுதியதோடு நிற்காமல், கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு மேஜை போட்டு இதைச் சொல்லியிருக்கலாமே?

சரி, நாடு கடத்தலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2025 பிப்ரவரி 5. அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் இறங்கியது. உள்ளே 104 இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா, குஜராத்தைச் சேர்ந்தவர்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி. மறுநாள் மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் விளக்கம் கொடுத்தார்: நாடு கடத்தல் புதிதல்ல, 2009 முதல் 15,668 பேர் இப்படித் திரும்பியிருக்கிறார்கள், விலங்கு மாட்டும் நடைமுறை 2012 முதல் இருக்கிறது என்றார்.

சட்டப்படி அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. அனுமதி இல்லாமல் தங்கியவரைத் திருப்பி அனுப்ப எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அந்த இளைஞர் சொன்னதும் அதைத்தான். ஆனால் மக்கள் கேட்ட கேள்வி வேறு. "நம்ம ஆளை இப்படிக் கட்டிக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார்கள். கிடைத்த பதிலோ "இது வழக்கம்தான்". மரியாதையைப் பற்றிக் கேட்டவருக்கு விதிமுறையை எடுத்துப் படித்துக் காட்டினால், கேட்டவருக்கு வயிறு நிறையாது.

"அதெல்லாம் சட்டவிரோதமாப் போனவங்க கதை, நமக்கென்ன" என்று ஓ.எம்.ஆர். பக்கம் அப்போது ஒரு நிம்மதி இருந்தது. செப்டம்பர் 19 வந்தது. புதிய எச்-1பி விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் டாலர் கட்டணம், செப்டம்பர் 21 முதல் அமல் என்று ஒரு கையெழுத்து. ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கும் உண்டா, ஊருக்கு வந்தவர் திரும்பிப் போக முடியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்ற விளக்கம் வருவதற்குள், சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் எத்தனையோ வீட்டு வாட்ஸ்அப் குரூப்கள் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. என் உறவினர் ஒருவர் கல்யாணத்துக்கு வந்திருந்தவர். தாலி கட்டும் நேரத்தில்கூடப் போனில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். அவர் ஒரு விதியையும் மீறாதவர்.

ஒழுங்காக இருப்பவனுக்குப் பயம் வேண்டாம் என்பது நல்ல அரசின் அடையாளம். ஒழுங்காக இருப்பவனே ராத்திரி முழித்திருந்தால், அங்கே நம்பிக்கை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் வீட்டுக் கண்ணாடி

அமெரிக்காவைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நாம் என்ன செய்கிறோம்?

2025 மே 19-ம் தேதி, தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழர், மனைவி மக்கள் இங்கே இருப்பதால் தன்னை அனுப்ப வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 140 கோடிப் பேரோடு திணறும் இந்தியா, உலகத்து அகதிகளையெல்லாம் தங்க வைக்கும் தர்ம சத்திரமா என்ற பொருளில் நீதிபதி கேட்டார். மனு தள்ளுபடி ஆனது. செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. ஆறுதல்தான். ஆனால் அதே உத்தரவில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் கொடுக்கப்பட்ட கெடு 2024 டிசம்பர் 31. பத்து வருட வித்தியாசம் ஏன்? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை ஏன் இல்லை? இங்கேயே பிறந்து, இங்கேயே டிகிரி முடித்து, பாஸ்போர்ட் இல்லாததால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் தேவை.

இன்னும் பக்கத்தில் பார்ப்போம். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரியில் எழும் அடுக்குமாடிகளில் சாரம் ஏறி நிற்பவர்களில் பலர் மேற்கு வங்கம், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். 2025-ல் வங்காளம் பேசும் தொழிலாளிகள் சிலர் டெல்லியில் பிடிக்கப்பட்டு, முறையான விசாரணை இல்லாமல் எல்லை தாண்டி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். செப்டம்பர் 26-ம் தேதி கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, நான்கு வாரத்தில் திருப்பி அழைத்து வரச் சொன்னது. அமிர்தசரஸ் படத்தைப் பார்த்துக் கொதித்தவர்களில் எத்தனை பேர் இதற்குக் கொதித்தோம்?

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். தமிழ்நாடு போலீஸ் மறுத்தது, வழக்குப் போட்டது, பீகாரிலிருந்து ஒரு குழு வந்து பார்த்தது. அப்படியும் பயந்து ஊருக்குப் போனவர்கள் போனார்கள். "வடக்கன்" என்று சாதாரணமாகக் கூப்பிடும் நம் வாய்க்கும் அந்தப் பயத்தில் ஒரு பங்கு இருக்கிறது. அரசு மேல் மட்டும் பழி போட்டு நகர முடியாது.

அப்போ, நம்பிக்கை என்றால் என்ன?

ஒரு தலைவரைப் பிடிப்பது வேறு, அரசை நம்புவது வேறு. தலைவரைப் பிடித்திருந்தால் அவர் செய்த எதற்கும் நாமே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவோம். அரசை நம்புவதற்கு மூன்று கேள்வி போதும் என்பேன்.

ஒன்று, முன்கூட்டியே சொன்னார்களா? இரண்டு, காரணம் சொன்னார்களா? மூன்று, தப்பு என்றால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறதா?

ட்ரம்பின் வரி முதல் கேள்வியில் தோற்றுவிட்டது. இரண்டாவதில் காரணம் மாதத்துக்கு ஒன்றாக மாறியது. மூன்றாவதில் மட்டும் அமெரிக்க அமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த வரிகள் சட்டப்படி செல்லாது என்று ஆகஸ்ட் 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-4 என்று தீர்ப்பளித்தது. நவம்பர் 5-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கா, அதிபருக்கா என்பதே வழக்காக இருந்தது. அங்கே விலைவாசி ஏறியதால் நவம்பர் மத்தியில் காபி, தேயிலை, மசாலாப் பொருட்களுக்கு வரி விலக்கும் வந்தது. நீலகிரித் தேயிலைக்கு அது நல்ல சேதி. அமெரிக்கக் குடும்பத் தலைவி கடையில் முணுமுணுத்தது வெள்ளை மாளிகைக்குக் கேட்டிருக்கிறது. தாம்பரத்துப் பெண் முணுமுணுப்பது எங்கே கேட்கும்?

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இந்தச் சில மாதங்களில் மெப்ஸிலும், திருப்பூரிலும், ஆம்பூரிலும் எத்தனை பேர் வேலை இழந்தார்கள், எத்தனை பேருக்குக் கூலி குறைந்தது என்ற கணக்கை மத்திய அரசும் மாநில அரசும் மாதா மாதம் தொழில் வாரியாக வெளியிடட்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகள் அரசிடம்தான் இருக்கின்றன. ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும் கடன் சலுகையோடு, ஆட்களைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேரட்டும். ஒருவரை நாட்டை விட்டு அனுப்பும் முன், அவர் பேச ஒரு நீதிபதி முன்னால் ஒரு நாள் கிடைக்கட்டும். அவர் குஜராத்தியாக இருந்தாலும், யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தாலும், வங்காளியாக இருந்தாலும்.

அன்றைக்கு டீக்கடையில் சண்டை யார் ஜெயித்தது என்று முடியவில்லை. எட்டு மணி ஆனதும் மூவரும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். "குனியல சார்" என்றவர், போகும்போது அடுத்தவரிடம் குரலைத் தணித்துக் கேட்டது காதில் விழுந்தது: "உங்க வீட்டுக்காரி எந்த யூனிட்டு? என் தங்கச்சி பையன் வேற கம்பெனில சூப்பர்வைசர், கேட்டுப் பாக்கட்டுமா?"

கட்சி வேறாக இருந்தும் அவர் கேட்டார். இதே கேள்வியை ஆகஸ்ட் மாதமே ஓர் அரசு அதிகாரி வந்து அந்த அண்ணனிடம் கேட்டிருந்தால், அன்று காலை சண்டைக்கே வேலை இருந்திருக்காது.